புதுப் பேட்டர்ன் எதற்கு?

ஸ்வெட்டர் பின்னுகிற யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள்: "அலமாரி நிறைய புஸ்தகம் வச்சிருக்கீங்களே, அதுல இருக்கிறதை எல்லாம் பின்னி முடிச்சாச்சா? அப்புறம் எதுக்குப் புதுசு?" நியாயமான கேள்விதான். ஒரு ஸ்வெட்டர் பின்ன ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். ஒரு பத்திரிகை இதழில் பத்துப் பதினைந்து டிசைன் வரும். கணக்குப் போட்டால் ஆயுசு போதாது. ஆனாலும் அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். எனக்கும் இந்தப் பித்து உண்டு என்பதால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

பின்னல் ஊசியைத் தொட்டே பார்க்காதவருக்கும் இது புரியும், ஏனென்றால் பின்னல் துணி உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. போட்டிருக்கும் பனியனின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் ஆங்கில 'வி' எழுத்து போலக் குட்டிக் குட்டி வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்கு ஏறிப் போகும். அதே இடத்தை உட்பக்கம் திருப்பினால் 'வி' காணாமல் போய், படுக்கைவாட்டில் மேடுமேடாகத் தெரியும். திருப்பூரில் இதை சிங்கிள் ஜெர்சி என்பார்கள். கையால் பின்னுகிறவர்கள் ஸ்டாக்கினெட் என்பார்கள். துணி ஒன்றுதான். இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இல் பின்னல் இயந்திரத்தை உருவாக்கியபோது, கைகள் செய்துகொண்டிருந்ததைத்தான் இயந்திரத்தைச் செய்ய வைத்தார்.

கையில் பிடித்த ஊசியில் நூல் வளையங்கள், அதாவது கண்ணிகள், வரிசையாக நிற்கின்றன. ஒரு கண்ணிக்குள் நூலைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் நிட். முன்னாலிருந்து பின்னால் தள்ளினால் பர்ல். நிட்டின் முதுகுதான் பர்ல். அவ்வளவுதான், அடிப்படை முடிந்தது. உலகத்தில் உள்ள கைப்பின்னல் முழுவதும் இந்த இரண்டின் மேல் நிற்கிறது.

இப்போது முழுக்கை டீ-ஷர்ட்டின் மணிக்கட்டுப் பட்டியைப் பாருங்கள், அல்லது கழுத்தை. அது மட்டும் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும். ரிப் என்று கடையிலேயே சொல்வார்கள். ஒரு கண்ணி நிட், அடுத்தது பர்ல், மறுபடி நிட் என்று மாறி மாறிப் போட்டால் நிட் வரிசைகள் முன்னால் எழும்பும், பர்ல் வரிசைகள் பின்னால் ஒதுங்கும். துணி தானாகவே மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக்கொள்ளும். இலாஸ்டிக் எதுவும் சேர்க்கவில்லை, நூலும் அதே நூல்தான். கண்ணிகள் நிற்கிற ஒழுங்கு மாறியதுமே துணியின் குணம் மாறிவிட்டது. முதன்முதலில் ரிப் போட்டு முடித்து, துணியைக் கையால் இழுத்து விட்டுப் பார்க்கிறவர் முகத்தில் வரும் வியப்பை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். அங்கேதான் பித்து ஆரம்பிக்கிறது.

ஒழுங்கை மாற்றிக்கொண்டே போகலாம். நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றி ஒரு கண்ணியைக் கூட்டி, பக்கத்தில் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்து ஒன்றைக் குறைத்தால் துணியில் ஓர் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளை இலையாக, அலையாக அடுக்கினால் லேஸ். நான்கு கண்ணிகளில் இரண்டை மற்ற இரண்டின் முன்னால் கடத்திப் பின்னினால் கயிறு முறுக்கியது போல கேபிள். பார்பரா வாக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1968இல் இப்படிப்பட்ட வகைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். அதில் மட்டும் ஐந்நூறுக்கு மேல். இரண்டே ஆண்டுகளில் இரண்டாம் தொகுதியும் வந்தது. மார்கழி வந்தால் கோலம் நன்றாகப் போடத் தெரிந்தவர்தானே முதல் ஆளாகப் புதுக் கோலப் புத்தகம் வாங்குகிறார்? தெரிந்தவருக்குத்தான் புதுசு எது என்று கண்ணில் படும்.

ஆனால் கண்ணி வகைகள் பாதிக் கதைதான். ஒரு பேட்டர்னில் உண்மையான புதுமை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். அதைச் சொல்ல எலிசபெத் ஜிம்மர்மனிடம் போக வேண்டும்.

1910இல் இங்கிலாந்தில் பிறந்து, ஜெர்மானியரை மணந்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறியவர் அவர். அந்தக் காலத்து அமெரிக்கப் பேட்டர்ன்களில் ஸ்வெட்டரை முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எனத் தனித்தனித் துண்டுகளாகப் பின்னி, கடைசியில் தைத்துச் சேர்ப்பதுதான் வழக்கம். ஜிம்மர்மன் வட்ட ஊசியில் குழாய் போலச் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறவர். அவர் எழுதிக் கொடுத்த குறிப்பை, வெளியிட்டவர்கள் தட்டைத் துண்டுகளாக மாற்றி அச்சிட்டுவிட்டார்கள். தன் குறிப்பு தன் வழியிலேயே வாசகரிடம் போகட்டும் என்று 1958இல் சொந்தமாகவே ஒரு செய்திமடல் தொடங்கினார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடிய இடம் இது. ஆடை முடிந்தபின் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனாலும் போகிற வழிக்காகச் சண்டை போட்டார்.

அவர் கற்றுக்கொடுத்த சதவீதக் கணக்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது. முதலில் சின்னதாக ஒரு மாதிரித் துண்டு பின்னி அளக்க வேண்டும். 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி இருக்கிறது என்று வையுங்கள். இதுதான் கேஜ். மார்புச் சுற்று 100 செ.மீ. வேண்டுமென்றால் 200 கண்ணி. இனி எல்லாம் இந்த 200இலிருந்து பிறக்கும். மணிக்கட்டுக்கு 20 சதவீதம், அதாவது 40 கண்ணி. மேற்கைக்கு மூன்றில் ஒரு பங்கு, சுமார் 66. அக்குளில் 8 சதவீதம், 16. கழுத்துக்கு 40 சதவீதம், 80. இந்த நான்கு எண்ணைத் தெரிந்துகொண்டால் எந்த நூலிலும் எந்த ஆளுக்கும் ஸ்வெட்டர் போடலாம்.

மாதிரித் துண்டு எதற்கு என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். உங்கள் கை சற்று இறுக்கம், 10 செ.மீ.யில் 20க்குப் பதில் 22 கண்ணி விழுகிறது. அதே 200 கண்ணிக்கு இப்போது சுற்றளவு 91 செ.மீ.கூட வராது. பத்து செ.மீ.யில் இரண்டே கண்ணி வித்தியாசம், ஆனால் ஸ்வெட்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

ஜிம்மர்மனின் பை ஷால் என்ற வட்டச் சால்வையையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பை என்பது பள்ளிக்கூடத்தில் படித்த அதே பை. வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும். இந்த ஒரே விதியை வைத்து வட்டச் சால்வை முழுவதையும் பின்னிவிட்டார். நடுவில் 9 கண்ணியில் ஆரம்பம். இரட்டித்து 18, மூன்று சுற்று. இரட்டித்து 36, ஆறு சுற்று. 72, பன்னிரண்டு சுற்று. 144, இருபத்து நான்கு சுற்று. 288, நாற்பத்தெட்டு சுற்று. பிறகு 576. கண்ணி கூட்டும் சுற்று சால்வை முழுவதிலும் இப்படிச் சில இடங்களில்தான் வரும். நடுவில் உள்ள நீண்ட சுற்றுகளில் எதுவும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். விருப்பப்பட்ட லேஸை அங்கே நுழைத்துக்கொள்ளலாம். நெடுநாள் பின்னிப் பழகியவர்கள்கூட முதல்முறை இதைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்து யோசிப்பார்கள். அவருடைய 1968ஆம் ஆண்டுக் குழந்தைச் சட்டையும் அந்த வகைதான். பின்னி முடிக்கும்வரை என்ன உருவம் என்றே பிடிபடாத ஒற்றைத் துண்டு. சரியான இடத்தில் மடித்து, இரண்டு தோளையும் தைத்தால் சட்டை ஆகிவிடும்.

புதுப் பேட்டர்னில் நாங்கள் தேடுவது இதைத்தான். ஸ்வெட்டர் வேண்டுமென்றால் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஒருவர் தோளை எப்படி வளைத்தார், கழுத்தை எங்கே தொடங்கினார், தையலே இல்லாமல் கையை எப்படி இணைத்தார் என்று பார்க்கத்தான் இந்த ஆசை. வாங்கியதில் பலவற்றைப் பின்னவே மாட்டோம். அதனால் வீண் என்று ஆகாது. ஊசியில்லாமல் படிக்கும்போதே விரல் அந்த வழியை நடந்து பார்த்துவிடும்.

பத்திரிகைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 'வோக் நிட்டிங்' 1932இல் ஆரம்பித்து, 1969இல் நின்று, 1982இல் மறுபடி வந்தது. பின்லாந்தின் 'லைனே' 2016இல் வந்த புதியவர். இவற்றை வாங்கினால் அழகான படத்தில் மயங்கி நிற்காமல் முதலில் அளவுப்படத்தைத் தேடுங்கள் என்பது என் அபிப்பிராயம். ஆடையை விரித்துப் போட்டால் எப்படி இருக்கும் என்று கோடுகளால் வரைந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் செ.மீ. குறித்திருப்பார்கள். மாடல் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தில் அக்குள் எப்படி விழுகிறது என்று தெரியவே தெரியாது. அளவுப்படத்தில் எதையும் மறைக்க முடியாது.

ஜப்பானியப் புத்தகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே குறிப்புகளை வாக்கியமாக நீட்டி எழுதுவது குறைவு, கட்டம் போட்டுக் குறிகளால் காட்டிவிடுவார்கள். ஒரு கட்டம் ஒரு கண்ணி. நேர்க்கோடு என்றால் நிட், படுக்கைக்கோடு என்றால் பர்ல், சின்ன வட்டம் என்றால் நூலைச் சுற்றி ஓட்டை போடு என்று பொருள். குறிகளுக்கு அந்நாட்டில் தேசியத் தர நிர்ணயமே உண்டு, ஆகவே எந்தப் பதிப்பகத்தின் புத்தகமானாலும் அதே குறிதான். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர்கள் உலகம் முழுக்க இந்தப் புத்தகங்களை வாங்கிப் பின்னுகிறார்கள்.

இவ்வளவும் தாளில் இருக்கும்போது, பின்னுகிறவர்கள் ஒன்றுகூடுவது எதற்கு? சில காரியங்களைத் தாள் சொன்னால் கை கேட்காது, அதற்குத்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்டுத் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஃபேர் ஐல் என்ற ஒரு சிறு தீவின் பெயரால் வழங்கும் வண்ணப் பின்னல், ஒரு வரிசையில் இரண்டே நிறம், பயன்படாத நிறம் பின்னால் ஓடும். 1922இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் கோல்ஃப் மைதானத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனபிறகு நாகரிக உலகமே அதைக் கேட்டு வாங்கியது. இந்த ஸ்வெட்டரை முன்பக்கத் திறப்பே வைக்காமல் முழுக் குழாயாகப் பின்னுவார்கள். திறப்பு வரவேண்டிய இடத்தில் கூடுதலாகச் சில கண்ணிகள் சேர்த்திருப்பார்கள். ஸ்டீக் என்று பெயர். எல்லாம் முடிந்தபின் கத்தரிக்கோலை எடுத்து, அந்தக் கண்ணிகளின் நடுவே மேலிருந்து கீழ்வரை வெட்டுவார்கள்.

பல வாரம் பின்னியதை வெட்டுவதா என்று பதறத்தான் செய்யும். பேட்டர்னில் 'வெட்டவும்' என்று ஒற்றை வார்த்தை இருக்கும். ஆனால் அனுபவசாலி ஒருவர் எதிரே உட்கார்ந்து, துணியை மடியில் விரித்து, நிதானமாக வெட்டிக் காட்டும்போதுதான் நம்பிக்கை வரும். ஷெட்லாண்டு ஆட்டு ரோமம் சொரசொரப்பானது. பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், வெட்டிய ஓரம் பிரிந்து ஓடாது. வழவழப்பான பருத்தி நூலில் இதை அப்படியே செய்தால் பனியனில் ஓட்டை நீள்வது போல ஓடிவிடும். இதெல்லாம் துணியை விரலால் தடவிப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்குகிற விஷயம்.

2010 முதல் அங்கே செப்டம்பர் கடைசியை ஒட்டி ஷெட்லாண்டு உல் வீக் நடக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் விழாவின் புரவலர் ஒரு தொப்பி டிசைன் செய்வார், பேட்டர்ன் மாதங்களுக்கு முன்பே வெளியாகும். வருகிறவர்கள் அதைத் தங்களுக்குப் பிடித்த நிறத்தில் பின்னிப் போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்கள். அங்குள்ள லெர்விக் ஊர்த் தெருவில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தாலும், பார்வை முதலில் தொப்பிக்குத்தான் போகும். ஒரே பேட்டர்ன், இவர் நீலத்தில் எடுத்ததை அவர் காவியில் எடுத்திருப்பார். பேச்சு தானாகப் பிறக்கும். அங்குள்ள பெரியவர்கள் இடுப்பில் குதிரை முடி அடைத்த தோல் பட்டை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். துளை துளையான அதில் ஊசியின் ஒரு முனையைச் செருகிவிட்டால் கைக்குப் பாரம் குறையும். நடந்துகொண்டேகூடப் பின்னலாம். ஒரு காலத்தில் அவர்கள் நடந்துகொண்டே பின்னியதற்கு வேறு காரணமும் உண்டு. பின்னல் அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. வணிகர்கள் கூலியைக் காசாகத் தராமல் பொருளாகவே தந்தார்கள் என்று 1872இல் அரசு விசாரணைக் குழுவே விசாரித்தது. இன்று விழாவுக்கு ஆசையோடு போகிறவர்கள் இதையும் அறிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி ஏது என்பீர்கள். கூட்டம் சேர்ந்து பின்னும் ஆசைக்கு வெயில் தடையில்லை. மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழுவினர், ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷே வேலையில், பலர் சேர்ந்து பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

உங்களுக்கும் ஒரு பின்னல் கூட்டத்தில் உட்கார வாய்த்தால் ஒரு யோசனை. லேஸ், கேபிள் எதையும் எடுத்துப் போகாதீர்கள். பேச்சு சுவாரஸ்யமானால் எண்ணிக்கை தப்பும், வீட்டுக்கு வந்து பிரிக்க வேண்டியிருக்கும். இரு பக்கமும் நிட் மட்டுமே போட்டுக்கொண்டு போகிற நேர்ப்பின்னலாக ஒன்றை எடுத்துப் போங்கள். வெளிர் நிற நூலாக இருக்கட்டும், கறுப்பில் கண்ணி தெரியாது. 4 மி.மீ. ஊசி போதும். பக்கத்தில் இருப்பவரின் துணியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், உட்பக்கத்தையும் அவர்களே திருப்பிக் காட்டுவார்கள்.