எல்லையோர ஊர்கள் – 11: கும்மிடிப்பூண்டியில் வெளிநாட்டவர் யார்?

சென்ற வாரம் திருத்தணியில் நின்றோம். 1960 ஏப்ரல் 1 அன்று வரைபடத்தில் கோடு நகர்ந்தது; ஜனங்கள் இருந்த வீட்டிலேயே இருந்தபடி மாநிலம் மாறினார்கள். இந்த வாரம் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். இங்கே கோடு அப்படியே கிடக்க, ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் பொன்னேரியைத் தாண்டும்போது பெட்டிக்குள் பேச்சு மாறிவிடுகிறது. தெலுங்கு இந்தப் பக்கத்தில் என்றைக்கும் உண்டு. ஆரம்பாக்கத்துக்கு அடுத்து தடா, அதற்கு அடுத்து சூலூர்ப்பேட்டை. தெலுங்கை இங்கே யாரும் வந்தேறி மொழி என்று சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அதன்மேல் இப்போது போஜ்புரி, ஒடியா, வங்காளம், அசாமி. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியது பாக்மதி எக்ஸ்பிரஸ். மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குப் போகிற வண்டி. அந்தத் தண்டவாளம் யாருக்கு ஊர்ப்பாதை என்பது அந்த ஒரு நாள் செய்தியானது.

எண்களைப் பார்த்துவிடலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் 2001-இல் 27.5 லட்சம் பேர், 2011-இல் 37.3 லட்சம். பத்தாண்டில் 35 விழுக்காடு கூடியிருக்கிறது. அதே பத்தாண்டில் தமிழ்நாடு மொத்தமும் கூடியது 15.6 விழுக்காடுதான். இது பிரசவ வார்டில் நடந்த வளர்ச்சி அல்ல. ஆவடி, அம்பத்தூர் பக்கம் சென்னை வழிந்து பரவியது இதில் பெரும்பங்கு; வடக்கே சிப்காட் இழுத்து வந்தது இன்னொரு பங்கு. அதற்குப் பிறகு தலை எண்ணவில்லை. 2021 கணக்கெடுப்பு கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்திருக்கிறார்கள்.

இங்கே ‘வெளிநாட்டவர்’ என்றால் உடனே நினைவுக்கு வருபவர்கள் ஜப்பானியர்கள். ஆந்திர எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் ஜப்பானிய ஆலைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வருகிற அதிகாரிகள் சிலர்தான், அவர்களும் ஒப்பந்தம் முடிந்தால் விமானம் ஏறிவிடுவார்கள். ஊரில் வேர்விட்டு, கல்யாணம் செய்து, பேரப்பிள்ளை எடுத்து, இன்றைக்கும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவராகவே இருப்பவர்கள் வேறு ஆட்கள். கும்மிடிப்பூண்டி முகாமிலும் புழல் முகாமிலும் வாழும் ஈழத்தமிழர்கள். இந்த ரயிலில் இந்தி பேசுகிறவர் இந்தியக் குடிமகன். தமிழ் பேசுகிற இவர் அயல்நாட்டார்.

1983 ஜூலை கலவரத்துக்குப் பின் தொடங்கி, 1990, 1996, 2006 என்று போர் மூளும்போதெல்லாம் படகுகள் வந்தன. மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். பலர் திரும்பினார்கள், சிலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். 2021 கணக்கின்படி தமிழக முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர், முகாமுக்கு வெளியே காவல்துறைப் பதிவுடன் 34,000 பேர். மன்னார், வவுனியா, திருகோணமலைக்காரர்களோடு, மலையகத்து வேர் உள்ளவர்களும் இவர்களில் நிறைய. இங்கேதான் கதை சிக்கலாகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் சந்ததி அது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்திட்டது. ஒப்பந்தம் வழியாகக் கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியோர், குடியுரிமை உண்டு. அதே குடும்பத்தில் வன்னிக்கு இடம்பெயர்ந்து, பின்னால் குண்டுக்குத் தப்பிப் படகில் வந்தவர் அகதி. தாத்தாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்று சொன்னால் அதற்குக் காகிதம் கேட்பார்கள். அப்படிப்பட்டவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை.

முகாமில் பிறந்த பிள்ளைகளின் நிலை இன்னும் விசித்திரம். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் அதுவே போதும், குடியுரிமை உண்டு. அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராக இருப்பதோடு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக்கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகேறியவரை அரசு அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. முகாம் பெண்ணை உள்ளூர்ப் பையன் கட்டிக்கொள்வது இங்கே அதிசயமில்லை. அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஊர் திருவள்ளூர் மாவட்டம் என்றிருக்கும், குடியுரிமைச் சட்டம் வேறு சொல்லும். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் ஒரு பெண், 1986-இல் மண்டபத்தில் பிறந்தவர், வழக்குப் போட்டு 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். பிறந்த தேதி கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்த ஓட்டு இல்லை.

முகாம் வாழ்க்கை பதிவைச் சுற்றியே நடக்கும். பதிவு இருந்தால் மாதாமாதம் பணக்கொடை, ரேஷன். வருவாய்த் துறையினர் செக்கிங் வரும் நாளில் ஆள் நேரில் நிற்கவேண்டும். வெளியூரில் பெயின்ட் அடிக்கப் போன ஆண்கள் அந்தத் தேதிக்கு அடித்துப் பிடித்து ஊர் திரும்புவார்கள். பட்டப்படிப்பு முடித்தவர்களும் பெயின்ட் வாளியோடு போவதுண்டு. அரசு வேலைக்கு மனுப்போட முடியாது, பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாடும் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னது. குடும்பத் தலைவருக்கான பணக்கொடை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறானது. பெயர்ப் பலகையும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. வீடு மாறியது நல்ல காரியம். பலகை மாறியதற்கு அவ்வளவு கைதட்டத் தோன்றவில்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இனிச் சிறை இல்லை, குடியுரிமையும் இல்லை.

ஸ்பெயினில் அலிகாந்தே கடற்கரைப் பக்கம் ரோஹாலெஸ் போன்ற சிற்றூர்கள் உண்டு. ஓய்வு பெற்ற ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் வெயிலுக்காக வந்து குடியேறி, உள்ளூர்க்காரர்களைவிட எண்ணிக்கையில் மிஞ்சிவிட்ட ஊர்கள். அங்கே ஒரு நல்ல ஏற்பாடு. ஊரில் வசிக்கும் எவரும், எந்த நாட்டவரானாலும், குடியிருப்பு அனுமதி இல்லாதவரானாலும், நகர்மன்றப் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ளவேண்டும். அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான் நகர்மன்றத்துக்கு நிதி வரும். அதனால் வந்தவனை எண்ணுவதில் நகர்மன்றத்துக்கே அக்கறை. ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டும் உண்டு; பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கு முன்பே, 2019-இல் தனி ஒப்பந்தம் போட்டு ஆங்கிலேயர்களுக்கும் அதைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் முப்பத்தைந்து வருடமாக ஒரே ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிப்பவருக்கு வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது.

வடக்கத்திக்காரர்கள் கதை இதற்கு நேர் எதிர். அவர்களுக்கு உரிமை எல்லாம் உண்டு, நிலைதான் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் இரும்பு உருக்கும் இடம். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ரோலிங் மில்களில், உலை வாயில் நிற்கும் வேலைக்கு உள்ளூர்ப் பையன்கள் வருவதில்லை. அவர்கள் டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிறார்கள். அந்த இடத்தில் காண்ட்ராக்டர் மூலம் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள். நிலம் கொடுத்த கிராமங்களில் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விடுவது இன்று நல்ல தொழில். இவர்களைக் குறை சொல்லும் வாயும் மாதம் பிறந்தால் வாடகை வாங்கும் கையும் பல நேரம் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை அடிப்பதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போகவேண்டியிருந்தது. வேலையாட்கள் ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று கதிகலங்கியவர்கள் முதலாளிகள்.

ஊர் வாக்காளர் பட்டியலில் இவர்கள் பெயர் சேரும் பேச்சு வந்தால் மட்டும் இங்கே குரல் உயர்கிறது. படிவம் 6 நிரப்பி, வழக்கமாக வசிக்கும் இடம் இதுதான் என்று காட்டினால், பீகார்த் தொழிலாளி கும்மிடிப்பூண்டி வாக்காளர் ஆகலாம். பெரும்பாலோர் கேட்பதே இல்லை; ஓட்டு ஊரில் இருக்கட்டும், சத் பூஜைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். கேட்டுக் காத்திருக்கிற முகாம்காரர்களுக்குப் படிவமே இல்லை. அந்நியர் பெருகிவிட்டார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்நியர் வருகை இந்தப் பகுதிக்குப் புதிது என்று நினைப்பவர்கள் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளை ஒருமுறை பார்க்கலாம். 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. டச்சுக்காரர்கள் துணி வாங்கினார்கள். இங்கிருந்து ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றவும் செய்தார்கள். அவர்களை யாரும் பதிவு கேட்டதாகத் தெரியவில்லை.

2027 பிப்ரவரியில் எண்ணுகிறவர்கள் முகாமுக்கும் போவார்கள், வாடகை அறைகளுக்கும் போவார்கள். மக்கள்தொகைக் கணக்கு குடியுரிமை பார்த்து எண்ணுவதல்ல. சிக்கல் மூன்றாவது ஓர் இடத்தில். செங்குன்றம், பெரியபாளையம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் அந்த மாதத்தில் ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டக் குடும்பங்கள் பிள்ளைகளோடு கல் அறுத்துக்கொண்டிருக்கும். எண்ணும் நாட்களில் எங்கே தங்கியிருக்கிறார்களோ அங்கேதான் கணக்கு. சூளை ஓரத்துக் குடிசைக்குக் கணக்கெடுப்பாளர் நடந்து போனால் அவர்கள் திருவள்ளூர்க்காரர்கள். போகாவிட்டால் எந்த மாவட்டத்திலும் இல்லை. மழைக்கு முன் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். அந்தச் சூளைகளுக்கு அடுத்த வாரம் போவோம்.