சீவித்தா: கரையும் குன்றின் மேல் ஒரு நகரம்

இத்தாலியின் தலைநகர் ரோமிலிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீற்றர் தொலைவில், லாட்சியோ மாகாணத்தின் வித்தெர்போ மாவட்டத்தில் இருக்கிறது சீவித்தா டி பஞ்ஞொரேஜோ. தூரத்திலிருந்து பார்க்கும்போது, பள்ளத்தாக்கின் நடுவே தனித்து நிற்கும் ஒரு பாறைத் தூணின் உச்சியில் யாரோ ஒரு நகரத்தைத் தூக்கி வைத்ததுபோல் எனக்குத் தோன்றியது. உண்மையில், ஒரு காலத்தில் அந்த நிலம் அயலோடு இணைந்தே இருந்தது. இணைத்த மண் கரைந்துபோனது.

ரோமர்களுக்கு முன்பே இந்தப் பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் 2,500 ஆண்டுகளுக்கு முன்னர் அமைத்த ஊர் இது. குன்றின் மேற்பகுதி எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறை. அதைக் குடைந்து அறைகளும் நிலவறைகளும் அமைப்பது எளிது. அதற்குக் கீழே இருப்பதோ கடலடியில் படிந்த களிமண். மழையும் பள்ளத்தாக்கின் ஓடைகளும் களிமண்ணை அரிக்க, தாங்குவதற்கு எதுவுமின்றி மேற்பாறை செங்குத்தாக வெடித்துச் சரிகிறது. ஓரத்திலுள்ள வீடுகளும் அதனோடு போகின்றன.

13ஆம் நூற்றாண்டில் இங்கு பிறந்தவர்தான் பிரான்சிஸ்கன் சபையை வழிநடத்திய மறைவல்லுநர் புனித பொனவெந்தூர். அவருடைய சிறுபராய வீடு இன்று இல்லை. அது நின்ற நிலமே பள்ளத்தில் விழுந்துவிட்டது.

1695இல் ஏற்பட்ட நிலநடுக்கம் நகரத்தின் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது. ஆயரும் நகர நிர்வாகமும் அருகிலுள்ள பஞ்ஞொரேஜோவுக்கு இடம்பெயர்ந்தனர். ஒரு காலத்தில் சீவித்தாவின் புறநகராக இருந்த அந்த ஊரே பின்னர் தலைமை ஊரானது. அங்கு பிறந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி, சீவித்தாவுக்கு 'இறந்துகொண்டிருக்கும் ஊர்' என்று பெயரிட்டார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இன்று ஊருக்குள் செல்ல ஒரே வழி, 1965இல் கட்டப்பட்ட நடைபாலம்தான். ஏறத்தாழ 300 மீற்றர் நீளமான அதன் கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்றம், மூச்சு வாங்கும். முடிவில் வருவது பாறையைக் குடைந்து எத்ருஸ்கர்கள் அமைத்த நுழைவாயில். அதற்கு மேலுள்ள வளைவு 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே, ஒரு காலத்தில் பேராலயமாக இருந்த புனித டொனாட்டோ தேவாலயமும் அதன் முன்னால் ஒரு சதுக்கமும் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூன், செப்டெம்பர் மாதங்களில் இந்தச் சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் நடக்கிறது. மண்சரிவுகளை விளக்கும் சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. ஊரைப் புரிந்துகொள்ள விரும்புபவர்கள் முதலில் அங்குதான் போகவேண்டும்.

2013ஆம் ஆண்டு நகரசபை பாலத்தைக் கடப்பதற்கு ஒன்றரை யூரோ கட்டணம் விதித்தது. பின்னர் அது 5 யூரோ வரை உயர்ந்தது. கட்டணம் கூட்டத்தைக் குறைக்கவில்லை. ஆண்டுக்குப் பல இலட்சம் பேர் வரத் தொடங்கினர். அந்த வருமானத்தால் பஞ்ஞொரேஜோ நகரசபை உள்ளூர் வரிகளையே கைவிட்டது. பாறையை உருக்குக் கம்பிகளால் பிணைக்கும் வேலைகளும் நடந்திருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலுக்கு சீவித்தாவை இத்தாலி பரிந்துரைத்தது.

ஆனால், ஆண்டு முழுவதும் இங்கு வாழ்பவர்கள் இருபதுக்கும் குறைவு. வீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும், வெளியூர் வசதி படைத்தவர்களின் விடுமுறை இல்லங்களாகவும் மாறிவிட்டன. நான் நடந்த தெருக்களில் பூச்சாடிகள் அழகாக இருந்தன. கொடியில் காயும் துணியை எங்கும் காணவில்லை.

சுற்றுலா இல்லாவிட்டால் இந்தச் சுவர்களைத் தாங்கப் பணம் இருந்திருக்காது. அதை மறுக்க முடியாது. ஆனாலும் சுவர்களைக் காப்பதும் ஊரைக் காப்பதும் ஒன்றல்ல. பாறையைக் கம்பியால் கட்டி நிறுத்தலாம். வேலை, பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் பாலத்துக்கு அப்பால் இருக்கும்போது, ஓர் இளம் குடும்பத்தை இங்கே நிறுத்திவைப்பதற்கு நுழைவுச்சீட்டு மட்டும் போதாது.