கைப்புண்ணுக்கும் கண்ணாடி வேண்டும்

'கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?' என்பது நம் முன்னோர் மொழி. கண்ணெதிரே தெரிவதற்கு வேறு சான்று தேவையில்லை என்பது அதன் பொருள். அப்பொருளை நான் மறுக்கவில்லை. ஆயினும் பட்டறையில் உழைப்பவர் கையில் படும் காயத்தைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரிவது பாதி, தெரியாதது மறுபாதி. அந்த மறுபாதியைக் காட்டும் கண்ணாடி ஒன்று நம் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் வாழும் ராஜகீழ்ப்பாக்கம், தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், சேலையூரைக் கடந்து செம்பாக்கத்துக்கு முன்னால் உள்ள ஊர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அதனுள் அடங்கியது. வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை, தச்சுப் பட்டறை, வண்டி பழுது பார்க்கும் கடை என்று கையை நம்பிப் பிழைப்போர் இப்பகுதியில் பலர். நம் கல்லூரி மாணவர்களிலும் மாலை வேளையிலும் விடுமுறையிலும் இத்தகைய இடங்களில் வேலை செய்து படிப்போர் உண்டு. விரலில் அடிபட்டதும் அங்கே எழும் கேள்வி ஒன்றே ஒன்று: 'ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கலாமா?' போனால் அன்றைய கூலி போகும். போக வேண்டிய காயத்துக்குப் போகாமலிருந்தால் வாழ்நாள் கூலியே போகும்.

நான் மருத்துவன் அல்லேன். விலங்கியல் பயிலும் மாணவன். படித்ததையும் கேட்டறிந்ததையும் என் போன்றோருக்குப் புரியும் வகையில் கூற முயல்கிறேன்.

இரத்தம் அளவுகோல் அன்று

காயத்தின் பெருமை சிறுமையை நாம் இரத்தத்தைக் கொண்டு அளக்கிறோம். இது தவறு. விரல் நுனியில் இரத்த ஓட்டம் மிகுதி. மேல்தோல் கிழிந்தாலே தரையெல்லாம் சிவக்கும். சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மாறாக, ஆழமாக இறங்கிய சிறு வெட்டில் இரத்தம் அதிகம் வராமலும் போகலாம்.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. ஆனால் விரல்களை மடக்கி நீட்டும் தசை விரல்களுக்குள் இல்லை. அது முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கிறது. அங்கிருந்து தசைநாண்கள், கிணற்று ராட்டினத்தில் ஓடும் கயிறு போல, விரல் நுனி வரை ஓடுகின்றன. தோலுக்கும் அந்தக் கயிற்றுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. கயிறு அறுந்தால் வாளி கிணற்றுக்குள் விழுவது போல, அறுந்த நாணின் முனை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். நாள் செல்லச் செல்ல அதை இழுத்து இணைப்பது கடினமாகும்.

எங்கள் தெருவில் கிரில் வேலை செய்த இளைஞர் ஒருவருக்கு, உள்ளங்கையில் சுண்டுவிரலின் அடியில் தகடு கீறியது. அரை அங்குலக் காயந்தான். ஐந்தே நிமிடத்தில் இரத்தம் நின்றது. டி.டி. ஊசி ஒன்று போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். மூன்று வாரம் கழித்துப் புண் ஆறியது. சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை. முதல் சில நாட்களிலேயே வந்திருந்தால் நேராக இணைத்துத் தைத்திருக்கலாம் என்றும், இனி வேறோர் இடத்து நாணை எடுத்து வைக்க வேண்டும், அதற்குப் பல மாதம் ஆகும் என்றும் மருத்துவர் கூறினாராம். சம்மட்டியை இறுகப் பிடிப்பதில் சுண்டுவிரலுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை அவரைப் பார்த்த பின்புதான் நான் அறிந்தேன்.

முதலில் செய்ய வேண்டுவன

மோதிரம், காப்பு, கயிறு ஆகியவற்றை உடனே கழற்றுக. வீக்கம் வந்தபின் அவை கழலாமல் விரலை நெரிக்கும். குழாயில் ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுக் கழுவுக. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேல் உயர்த்துக. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம், இடையில் துணியை விலக்கிப் பார்க்காமல் அழுத்த வேண்டும். இரத்தம் பீறிட்டு அடித்தாலும், பத்து நிமிடம் கழித்தும் நிற்காவிட்டாலும், அழுத்தியபடியே மருத்துவமனைக்குப் புறப்படுக.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, பெட்ரோல், கிரீஸ் ஆகிய எதுவும் காயத்தில் படலாகாது. குத்தி நிற்கும் கம்பியையோ மரச்சிராயையோ ஆழமாக இருந்தால் பிடுங்கக் கூடாது. பேட்டரி அமிலம் பட்டால் குறைந்தது இருபது நிமிடமாவது ஓடும் நீரில் காட்டுக.

விரலிடம் ஐந்து கேள்விகள்

இரத்தம் நின்றபின் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நான் முதலில் சொன்ன கண்ணாடி இதுவே.

1. அசைகிறதா? விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே மடக்கி நீட்டுக. நடு எலும்பை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பார்க்க வேண்டும். நுனி மடங்கவில்லையெனில் நாண் அறுந்திருக்கலாம். அசைந்தாலும் வலுவின்றி, மிகுந்த வலியோடு அசைந்தால் பாதி அறுந்திருக்கலாம். மீதிப் பாதி பின்னர் அறக்கூடும்.

2. உணர்கிறதா? ஒவ்வொரு விரலிலும் பக்கத்துக்கு ஒன்றாக உணர்வு நரம்பு ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, காகித முனையால் நுனியின் இரு பக்கமும் தொடச் சொல்லுக. ஒரு பக்கம் மரத்திருந்தால் அந்த நரம்பு அறுந்திருக்கக் கூடும். 'வலிக்கவே இல்லை' என்று மகிழ்வதற்கு இதில் ஒன்றுமில்லை. 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்த டாக்டர் பால் பிராண்ட் உலகுக்கு உணர்த்தியதும் இதுவே: உணர்வற்ற விரல் தன்னைக் காத்துக்கொள்ளாது, சூடும் கூரும் அறியாமல் சிறுகச் சிறுகத் தேயும்.

3. நிறம் திரும்புகிறதா? நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டவுடன் இரண்டு விநாடியில் சிவக்க வேண்டும். வெளுத்தே இருந்தாலும், விரல் நீலம் பாரித்துக் குளிர்ந்தாலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது.

4. வடிவம் நேராக இருக்கிறதா? கையை மெல்ல மூடினால் விரல் நுனிகள் எல்லாம் கட்டைவிரலின் அடிப்பகுதியை நோக்கிச் சாயும். ஒன்று மட்டும் அண்டை விரல்மேல் ஏறினால் எலும்பு முறிந்து திரும்பியிருக்கலாம். சுத்தியலடி பட்டு நகத்தடி முழுதும் கறுத்து விண்விண் என்று தெறித்தாலும் எக்ஸ்ரே தேவை.

5. காயத்தின் வாய் திறந்திருக்கிறதா? விளிம்புகள் தாமே ஒட்டாமல் விலகினாலும், உள்ளே வெண்மையான நாணோ எலும்போ மஞ்சள் கொழுப்போ தெரிந்தாலும், மூட்டின்மேல் ஆழமாகப் பட்டாலும், கழுவியும் அழுக்குப் போகாவிட்டாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். தையல் வேண்டுமெனில் அன்றே, சில மணி நேரத்துக்குள் போவது நலம்.

ஐந்துக்கும் நல்ல விடை கிடைத்தால் சுத்தமான கட்டுப் போட்டு வீட்டிலிருந்தே ஆற்றலாம். ஒன்றுக்கேனும் தவறான விடை கிடைத்தால் புறப்பட வேண்டியதுதான்.

சிறு துளை, பெருங்கேடு

இந்த ஐந்து கேள்விகளையும் ஏமாற்றும் காயங்கள் சில உண்டு. கிரீஸ் கன், பெயிண்ட் ஸ்பிரே, ஹைட்ராலிக் குழாய் ஆகியவற்றிலிருந்து மிகு அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே ஊசிமுனை அளவே தெரியும். முதல் ஒரு மணி நேரம் வலியும் அதிகமிராது. உள்ளேயோ நாண் ஓடும் வழியெல்லாம் எண்ணெய் பரவியிருக்கும். சில மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரும். இக்காயத்துக்கு யோசனையே கூடாது.

தலை நசுங்கிய உளியை அடிக்கும்போது தெறிக்கும் இரும்புத் துணுக்கும் அப்படியே. அது உள்ளே இருப்பதை எக்ஸ்ரேதான் காட்டும். மின்சாரம் தாக்கிய கையில் மேலே ஒரு பொட்டுத் தீப்புண் இருந்தாலும் உள்ளே ஆழமாக வெந்திருக்கலாம். சர்க்கரை நோயாளியின் கைக்காயம் எதுவும் சிறியதன்று.

வீட்டில் ஆற்றும் காயத்தையும் இரண்டு மூன்று நாள் கவனிக்க வேண்டும். தூக்கத்தைக் கெடுக்கும் வலி, சீழ், காய்ச்சல், கை நெடுக ஏறும் சிவப்புக் கோடு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். விரல் முழுதும் வீங்கி, சற்றே மடங்கி நின்று, பிறர் நிமிர்த்தினால் உயிர் போவது போல் வலித்தால் நாணுறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே போக வேண்டும்.

டி.டி. ஊசியும் துண்டான விரலும்

'டி.டி. போட்டாச்சா?' என்பதே பட்டறைகளில் முதல் வினா. நல்ல வினாதான், ஆனால் அதுவே முற்றும் அன்று. அவ்வூசி தடுப்பது வில்வாத ஜன்னி எனும் டெட்டனசை; அறுந்த நாணையோ முறிந்த எலும்பையோ அது அறியாது. ஜன்னிக்குக் காரணம் துருவன்று, மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமி. தடுப்பூசிகளை முறையாகப் போட்டு முடித்தவர், கடைசி ஊசிக்குப் பின் அழுக்குக் காயமாயின் ஐந்தாண்டும், சுத்தமான சிறு காயமாயின் பத்தாண்டும் கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். எப்போது போட்டோம் என்று தெரியாதவர் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸ் கட்டிமேல் வைப்பதும் தண்ணீரில் போடுவதும் தவறு. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீருள்ள மற்றொரு பையில் வைத்து, காயமடைந்தவருடனேயே அனுப்ப வேண்டும். ஒட்ட முடியுமா என்று முடிவு செய்வது மருத்துவர் பொறுப்பு. கெடாமல் கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு.

எங்கே செல்வது?

நம் பகுதியினருக்கு அருகிலேயே அரசு மருத்துவமனை உள்ளது. 2008 முதல் தமிழகத்தில் இயங்கும் 108 ஊர்தியை அழைக்கத் தயங்கலாகாது. நாண், நரம்பு, துண்டான விரல் எனில் வடசென்னையின் அரசு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. அங்கே 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 2018-ல் இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு வேறொருவர் கைகளைப் பொருத்தும் அறுவை அங்கே நடந்தது. ஏழைத் தொழிலாளிக்கும் கட்டணமின்றி இத்தகைய மருத்துவம் கிடைக்கும் ஊரில், துணியைச் சுற்றிக்கொண்டு விரலை இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை! வேலையிடத்தில் அடிபட்டது என்பதையும் மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் இழப்பீடு கேட்க அப்பதிவே துணை.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, பிற்காலத் திருத்தங்களுடன், கட்டைவிரல் இழப்பை உழைப்புத் திறனில் 30 சதவீத இழப்பு என்றும், சுட்டுவிரலை 14, சுண்டுவிரலை 7 என்றும் கணக்கிட்டது. சட்டம் கணக்குப் போடத்தான் முடியும். விரலைத் திருப்பித் தர முடியாது. ஆகவே நண்பர்களே, நீங்கள் வேலை செய்யும் பட்டறையில், சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில், அந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அடிபட்டவன் பதற்றத்தில் இருப்பான். பக்கத்தில் நிற்பவன் படித்துக் கேட்கட்டும்.