கவனயீனம் என்ற குற்றச்சாட்டும் கிறிஸ்தவ மனச்சான்றும்

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் திருவிழாக் காலங்களில் பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை வாகனங்கள் வரிசை கட்டிச் செல்வதைக் காணலாம். யாத்திரிகர்களின் வான்கள், மரக்கறி ஏற்றிய லொறிகள், கரையிலிருந்து சந்தைக்கு விரையும் மீன் வாகனங்கள், முச்சக்கர வண்டிகள், சைக்கிளில் செல்லும் பாடசாலைப் பிள்ளைகள், இவற்றுக்கிடையே தம் விருப்பப்படி வீதியைக் கடக்கும் கழுதைகள் என அனைத்துக்கும் அந்த ஒரே வீதிதான். வாகனங்கள் பலவற்றின் முன்கண்ணாடியில் செபமாலை தொங்கும். புதிதாக வாங்கிய வாகனத்தை ஆலய முற்றத்துக்குக் கொண்டுவந்து ஆசீர்வதித்த பின்னரே ஓட்டத் தொடங்குவது நம் மக்களின் நல்ல வழக்கம்.

ஆனால், ஒரு நொடியில் விபத்து நேர்ந்து, ஒருவர் காயமுற்று வீழ்ந்து, "கவனயீனமாக வாகனம் செலுத்தினார்" என்ற குற்றச்சாட்டு நம்மீதோ நம் பிள்ளைமீதோ சுமத்தப்படும்போது, அந்தச் செபமாலைக்குரியவர்களாக நாம் நடந்துகொள்கிறோமா? இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். எனவே இக்கேள்வி எந்தக் குடும்பத்துக்கும் தொலைவானதன்று.

திருச்சட்டம் காட்டும் வேறுபாடு

வேண்டுமென்று செய்யாத தீங்கு பாவமாகாது என்று பலர் கருதுகின்றனர். திருவிவிலியம் இதனை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது. மரம் வெட்டும்போது கோடரியின் இரும்பு கழன்று அயலானைக் கொன்றுவிட்டால், வெட்டியவன் கொலைகாரன் அல்லன். அவன் ஓடிச்சென்று உயிர் பிழைக்க அடைக்கல நகர்கள் குறிக்கப்பட்டன (இச 19:1-6). அதே திருச்சட்டம், குழியைத் தோண்டி மூடாமல் விட்டவன் அதில் விழுந்து இறந்த மாட்டுக்கோ கழுதைக்கோ ஈடு செய்ய வேண்டும் என்கிறது (விப 21:33-34). முட்டும் வழக்கமுள்ள மாடு என எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டி வைக்காதவன், அம்மாடு ஒருவரைக் கொன்றால் பெருங்குற்றத்துக்கு உள்ளாகிறான் (விப 21:29).

தடுத்திருக்கக்கூடியதா, முன்னரே தெரிந்திருந்ததா என்பவையே இங்கு எழும் கேள்விகள். தேய்ந்த பிரேக்கைத் தெரிந்தே திருத்தாமல் விட்டவரும், இரவு முழுதும் விழித்திருந்துவிட்டு விடியற்காலையில் வாகனத்தை எடுத்தவரும், கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி வளைவில் திரும்பியவரும் மூடாத குழிக்குச் சொந்தக்காரர்களே. மதுபோதையாலும் வேக மோகத்தாலும் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பாரதூரமான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் (எண் 2290) போதிக்கிறது.

உண்மைக்கு இரு பக்கம்

விபத்தில் மரணம் நேர்ந்தால், நம் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அச்சம் எழுவது இயல்பே. சட்டத்தரணியை நாடுவதும், அவர் ஆலோசனைப்படி பேச வேண்டிய இடத்தில் பேசி மற்ற இடத்தில் மௌனமாயிருப்பதும் பாவமல்ல. பொய் சொல்வதோ வேறு விடயம். அனுமதிப்பத்திரம் இல்லாத மகன் ஓட்டிய வாகனத்தைக் கூலிச் சாரதி ஓட்டியதாகக் காட்டுவதும், காணாததைக் கண்டதாகச் சொல்ல உறவினரை அழைப்பதும், பணம் கொடுத்து முறைப்பாட்டை மாற்றுவதும் எட்டாம் கட்டளையை மீறும் செயல்கள். ஏழைச் சாரதி ஒருவர் இன்னொருவரின் பிழைக்காகத் தம் வேலையையும் நற்பெயரையும் இழப்பாராயின், அங்கே ஏழாம் கட்டளையும் மீறப்படுகிறது.

மறுபுறம், "நீதிமன்றம் ஏறி இறங்க நேரமில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிடுவோம்" என்று, செய்யாத பிழையை ஏற்பதும் உண்மைக்கு ஒவ்வாது. பெரிய வாகனத்தின்மீதே எப்போதும் பிழை என்று ஊர் தீர்ப்பிடுவதுண்டு. குற்றமற்றவர் தம் பக்க உண்மையை அமைதியாக எடுத்துரைக்கலாம். ஆண்டவர் இயேசுவும் தம்மைக் கன்னத்தில் அறைந்த காவலனிடம், தாம் பேசியதில் தவறு எதுவெனக் காட்டும்படி கேட்டார் (யோவா 18:23). காயமுற்ற தரப்பினருக்கும் இதே கடமை உண்டு. இழப்பீட்டுக்காகக் காயத்தைப் பெரிதாக்குவதும், கூட்டமாகச் சேர்ந்து சாரதியைத் தாக்குவதும் நீதியாகா.

எனவே விபத்து நேர்ந்த அன்றிரவே, நண்பர்களின் ஆலோசனைகள் நினைவைக் குழப்புமுன், நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது நன்று. எவ்வளவு வேகத்தில் சென்றேன்? கண் எங்கே இருந்தது? கை எங்கே இருந்தது? இறைவன் முன் அமர்ந்து எழுதும் இந்தப் பதிலே பின்னர் எடுக்கும் முடிவுகளுக்கெல்லாம் அடித்தளம்.

தீர்ப்புவரை காத்திராத அன்பு

நீதிமன்றம் கேட்பது, சட்டம் மீறப்பட்டதா என்பதை. மனச்சான்று கேட்பதோ, காயமுற்றவர் எப்படி இருக்கிறார் என்பதை. முதற்கேள்விக்கு விடை கிடைக்க ஆண்டுகள் செல்லலாம். இரண்டாவதற்கு அன்றே விடையளிக்க வேண்டும். எரிகோ வீதியில் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்ட சமாரியர், அது தம் குற்றமா என ஆராயவில்லை. காயங்களைக் கட்டினார், சத்திரத்துக்குப் பணமும் கொடுத்தார் (லூக் 10:30-35). பிழையே செய்யாத அவர் அவ்வளவு செய்தாராயின், நம் வாகனத்தில் மோதுண்டவருக்கு நாம் செய்ய வேண்டியது எவ்வளவு!

2019ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி, இங்கிலாந்தின் சான்ட்ரிங்ஹாம் அருகே, 97 வயதான இளவரசர் பிலிப் செலுத்திய வாகனம் மற்றொரு காருடன் மோதியது. அதிலிருந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது. மன்னிப்பு ஏதும் வரவில்லையென அப்பெண் வருந்திய சில நாட்களில், எதிரே வந்த காரைத் தாம் காணத் தவறியதாகவும் அதற்காக வருந்துவதாகவும் இளவரசர் அவருக்குக் கடிதம் எழுதினார். பெப்ரவரியில் தம் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தாமாகவே ஒப்படைத்தார். வழக்குத் தொடர்வதில்லை என்ற முடிவு அதன் பின்னரே வந்தது. அரச குடும்பத்தவரானாலும் கூலிச் சாரதியானாலும், காயமுற்றவர் முதலில் எதிர்பார்ப்பது இத்தகைய ஒரு சொல்லையே.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருப்பீடம் வெளியிட்ட வீதிப் பயணத்துக்கான மேய்ப்புப் பணி வழிகாட்டியில் சாரதிகளுக்கான பத்துக் கட்டளைகள் உள்ளன. விபத்துக்குள்ளானோரின் குடும்பங்களுக்குத் துணை நிற்பதும், தவறிழைத்த சாரதியையும் பாதிக்கப்பட்டவரையும் தக்க வேளையில் சந்திக்கச் செய்து மன்னிப்பின் விடுதலையை இருவரும் உணரச் செய்வதும் அவற்றுள் இரண்டு. பங்குச் சமூகத்துக்கும் இதில் பங்குண்டு. நேரில் செல்ல அஞ்சும் குடும்பத்துக்குப் பங்கின் பெரியவர் ஒருவர் துணையாகச் செல்லலாம்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவம் மன்னிக்கப்படுகிறது. ஆயினும், விளைவித்த தீங்கைச் சீர்செய்யும் கடமை தொடர்கிறது. குற்றத்தை அறிக்கையிட்டு, முழு ஈட்டுடன் ஐந்திலொரு பங்கும் கூட்டிக் கொடுக்கும்படி மோசே வழியாக ஆண்டவர் பணித்தார் (எண் 5:6-7). காப்புறுதி நிறுவனம் தரும் பணம் ஈடாகலாம். கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடக்கும் ஒருவரின் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது அந்த ஐந்திலொரு பங்கு.

அடுத்த முறை வாகனத்தில் ஏறி, முன்கண்ணாடிச் செபமாலையைத் தொட்டுச் சிலுவை அடையாளம் வரையும்போது, பாதுகாப்பாகப் போய்ச்சேரும் வரத்தோடு, தவறினால் தப்பியோடாமல் நின்று பதில் சொல்லும் வரத்தையும் புனித அன்னம்மாளின் பரிந்துரையால் கேட்போம்.