தள்ளுபடி கொடுக்கலாமா? வீடியோ கேம் வியாபாரம் சொல்லும் பாடம்

மளிகைக் கடைக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சரக்கு எதுவானாலும், விலையைக் குறைப்பதா, பிடித்து நிற்பதா என்ற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த வியாபாரத்தில் இதற்கு மூன்று விதமான பதில்கள் கிடைத்துள்ளன.

முதலாவது, அமெரிக்காவில் நடந்தது. அடாரி கேம் கேட்ரிட்ஜ்கள் நன்றாக ஓடுவதைப் பார்த்து, 1982-இல் பல கம்பெனிகள் இத்தொழிலில் இறங்கின. விரைவில் கடைகளில் சரக்கு தேங்கியது. திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய சிறு கம்பெனிகளோ மூடிக்கொண்டன. முடங்கிய முதலை மீட்க, 35 டாலர் சரக்கைக் கடைக்காரர்கள் 5 டாலருக்குத் தள்ளிவிட்டனர். விளைவு? பக்கத்திலேயே முழு விலையில் இருந்த புதுச் சரக்கும் விலைபோகவில்லை. 1983-இல் அடாரி நிறுவனமே தேங்கிய சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைக் கிடங்கில் புதைத்தது. 2014-இல் தோண்டியபோது அவை வெளிவந்தன. 1985-இல் நிண்டெண்டோ நிறுவனம் நியூயார்க் கடைகளை அணுகியபோது, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக உறுதி கூற வேண்டியிருந்தது.

இரண்டாவது, வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஸ்டீம் என்னும் இணையக் கடை. 2009 பிப்ரவரியில் 'லெஃப்ட் ஃபோர் டெட்' என்ற கேமைச் சில நாட்கள் பாதி விலைக்குக் கொடுத்தபோது, விற்பனை 3,000 சதவீதம் உயர்ந்ததாக நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் தெரிவித்தார். ஆனால் அங்கே இன்னொரு பிரதி கொடுக்கக் கொள்முதல் செலவே கிடையாது. நமக்கு அப்படியா? 100 ரூபாய்ப் பொருளில் 10 ரூபாய் லாபம் என்றால், 5 ரூபாய் குறைத்தவர் பழைய லாபத்தைக் காணவே இரு மடங்கு விற்றாக வேண்டும். மேலும், தள்ளுபடி அடிக்கடி வந்தால் வாடிக்கையாளர் அதற்காகவே காத்திருக்கப் பழகிவிடுவார்.

மூன்றாவது, செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள வூப் நிறுவனம். 'ஃபேக்டோரியோ' என்ற தன் கேமுக்கு அது தள்ளுபடியே கொடுப்பதில்லை என்று அறிவித்தது. 20 டாலராக இருந்த விலையை 2018-இல் 30 ஆகவும், 2023-இல் 35 ஆகவும் உயர்த்தியது. அப்படியும் இலட்சக்கணக்கில் விற்றது. இன்று வாங்கியவர் நாளை விலை குறைந்ததைக் கண்டு ஏமாந்தோமே என்று வருந்த வேண்டியதில்லை என்ற நம்பிக்கையே அதன் பலம்.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? தள்ளுபடியே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். ஃபேக்டோரியோ கெட்டுப்போகாது, நம் பருப்பில் வண்டு விழும், பிஸ்கட்டுக்குக் காலாவதி தேதி உண்டு. தேதி நெருங்கும் சரக்கைக் குறைத்து விற்று முதலை எடுப்பதே புத்திசாலித்தனம். ஆனால் அது இன்ன காரணத்துக்கு, இன்ன தேதி வரை என்று பலகையில் எழுதிவிடுங்கள். அன்றாடம் ஓடும் அரிசி, எண்ணெய் விலையில் பக்கத்துக் கடையோடு போட்டியிட்டு இறங்காதீர்கள். இறங்கிய விலையை மீண்டும் ஏற்றுவது கடினம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய கம்பெனியின் சரக்கை எடுக்கும்போது, விற்காததைத் திரும்ப எடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கம்பெனி நிலைத்து நிற்குமா என்பதையும் விசாரியுங்கள். அமெரிக்கக் கடைக்காரர்கள் இதற்கு விலை கொடுத்துக் கற்றார்கள். நாம் செலவில்லாமல் கற்றுக்கொள்வோம்.