ஆய்வேடும் டிரங்குப் பெட்டியும்

தோட்டத்தில் பிறந்த பிள்ளை, "எம்.ஏ. பட்டத்துக்கு நம் தோட்டத்து வரலாற்றையே எழுதப் போகிறேன்" என்றால், பெற்றோர் திகைப்பதுண்டு. பெரட்டுக்குப் போனோம், பால் வெட்டினோம்; இதில் எழுத என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது, வாசகர்களே!

பேராக், கம்பாரில் 1937-இல் பிறந்தவர் பேராசிரியர் கூ கே கிம். மேற்குக் கரை மலாய் மாநிலங்களின் அரசியலை வாணிபம் எவ்வாறு மாற்றியது என்பதே மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய எம்.ஏ. ஆய்வேடு. அது 1972-இல் நூலாயிற்று. 2019-இல் மறையும்வரை நாடறிந்த வரலாற்றாசிரியராக விளங்கினார். அந்த நூலில் அவர் எடுத்துக்கொண்ட காலம் 1850 முதல் 1873 வரை மட்டுமே என்பதைக் கவனியுங்கள்.

இப்படி எல்லை வகுக்கச் செய்வதுதான் வழிகாட்டிப் பேராசிரியரின் முதல் வேலை. "பேராக் தோட்டத் தமிழர் வரலாறு" என்று மாணவர் போனால், "எந்த வட்டாரம்? எந்த ஆண்டுகள்? உன் கேள்வி என்ன?" என்று கேட்பார். "தோட்டத் துண்டாடலால் சுங்கை சிப்புட் வட்டாரக் குடும்பங்கள் என்ன ஆயின?" என்று சுருக்கினால் வேலை நடக்கும். அந்தத் துண்டாடலைக் கண்டுதான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

அடுத்தது சான்று. தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசாங்கக் கோப்புகள் உண்டு. 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேச'னின் பழைய இதழ்களும் உதவும். ஆனால் துரைமார் எழுதிய அறிக்கைகளில் பால் எத்தனை ராத்தல் என்றிருக்கும். லயத்தில் அடுப்பு எரிந்ததா என்றிருக்காது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்களே.

அவர்கள் சொல்வதையும் அப்படியே எழுதிவிட முடியாது. "சயாம் ரயில் பாதைக்கு 44-இல் கொண்டுபோனார்கள்" என்று ஒரு தாத்தா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதை 1943 அக்டோபரிலேயே இணைக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் தாத்தா சொல்வது தவறா? பேராசிரியர் மாணவரைத் திரும்ப அனுப்புவார்: "பாதை போடப் போனாரா, போட்ட பாதையைப் பழுதுபார்க்கப் போனாரா? கூடப் போனவர் யார்?" போர் முடியும்வரை பழுதுபார்க்கவும் ஆட்களை வைத்திருந்தார்கள். தாத்தாவின் ஆண்டு சரியாகவே இருக்கலாம்! இப்படி ஒவ்வோர் இயலும் திருத்தப்பட்டுத் திரும்பி வரும். பிள்ளை சோர்ந்து போனால், அது தோல்வியல்ல, பயிற்சி என்று தைரியம் சொல்லுங்கள்.

தாய்மார்களே, உங்களால் ஆகக்கூடிய உதவியும் உண்டு. வீடு மாறும்போது டிரங்குப் பெட்டியிலுள்ள பழைய பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா அட்டை எதையும் எறிந்துவிடாதீர்கள். படங்களின் பின்னால் பெயரும் தோட்டமும் ஆண்டும் பென்சிலால் எழுதி வையுங்கள். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே இருந்தவர்களை அறிந்த பாட்டி, தாத்தா இருக்கும்போதே பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கட்டும்.