சுர்மாக் குப்பியில் காரீயம்



பெருநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்தி, அத்தர் தடவி, கண்ணுக்குச் சுர்மா இட்டுத் தொழுகைக்கு அனுப்புகிறோம். அந்தச் சிறு குப்பியிலுள்ள கரும்பொடி எதனால் ஆனது என்று கடைக்காரரிடம் என்றேனும் கேட்டிருக்கிறீர்களா? சந்தையில் விற்கப்படும் சுர்மாக்களில் பல, காரீயக் கல்லை இடித்துச் சலித்த பொடியே ஆகும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. இது நச்சு உலோகமான காரீயம். கண்ணைக் கசக்கிய கையைக் குழந்தை வாயில் வைக்கும்போது அது வயிற்றுக்குள் செல்கிறது. இவ்வகைக் கண் மையால் குழந்தைகளுக்கு நேர்ந்த நச்சுப் பாதிப்பை இங்கிலாந்து மருத்துவர்கள் 1968-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள்.

காரீயம் அறிவு வளர்ச்சியைக் குறைக்கும், இரத்தச் சோகை தரும் என்பது பலரும் அறிந்ததே. அண்மைக் காலத்து ஆய்வுகள் அதைவிட ஆழமான ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுகின்றன.

நம் உயிரணுக்களில் உள்ள மரபணுக்கள் எல்லாம் போட்ட இடத்திலேயே கிடப்பவை என்றுதான் ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 1940-களில் பார்பரா மெக்ளின்டாக் என்னும் அமெரிக்க அம்மையார் மக்காச்சோள மணிகளின் நிறங்களை ஆராய்ந்து, சில மரபுக் கூறுகள் இடம்விட்டு இடம் தாவுகின்றன என்றார். அறிஞர் உலகம் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1983-இல்தான் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மனிதரிடமும் இத்தகைய தாவும் கூறுகள் உண்டு. 'லைன்-1' எனப்படும் ஒரு வகை மட்டும் நம் மரபுப் பொருளில் ஏறத்தாழ 17 விழுக்காடு. 'அலு' என்னும் மற்றொரு வகை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகப் பரவிக் கிடக்கிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை செயலிழந்தவை. எஞ்சிய சிலவோ தம்மைப் பிரதியெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ள வல்லவை. செருகும் இடம் முக்கியமான மரபணுவாக இருந்துவிட்டால் கேடுதான். இரத்தம் உறையாமை நோய் கண்ட இருவரிடம், லைன்-1 புதிதாக நுழைந்து மரபணுவைச் சிதைத்திருந்ததை 1988-இல் கண்டறிந்தார்கள்.

இவை கட்டுக்குள் கிடப்பதற்கு இறைவன் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறான். மெத்தில் என்னும் சிறு வேதிக்கூறு இவற்றின்மேல் முத்திரை போல் ஒட்டி உறங்க வைக்கிறது. உலோகங்கள் இந்த அமைதியைக் குலைக்கின்றன என்பதே இப்போதைய செய்தி. 2005-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் துலேன் பல்கலைக்கழகத்தார், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித உயிரணுக்களில் பாதரசம், காட்மியம், நிக்கல் ஆகியவற்றின் சேர்மங்களை இட்டுப் பார்த்தனர். லைன்-1 தாவுதல் சுமார் மூன்று மடங்கு பெருகியது. ஆய்வுத் தட்டில் வளரும் உயிரணுவும் முழு மனிதனும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் 2009-இல் மெக்சிகோ நகரத்து ஆய்வொன்று மனிதரிடமே சென்றது. தாயின் எலும்பில் காரீயம் மிகுந்திருந்த அளவுக்கு, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் லைன்-1, அலு ஆகியவற்றின் மெத்தில் முத்திரை குறைந்திருந்தது. தாய்மார்களே, இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். உண்ட காரீயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். சூல்கொண்ட காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது அதுவும் சேர்ந்து இரத்தத்தில் கலக்கும். சிறுமியாயிருந்தபோது உடலில் சேர்ந்தது, அவள் பெறும் பிள்ளையிடம் போய்ச் சேரலாம்.

இது அயல்நாட்டார் கவலை அன்று. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்ததாகச் சொல்கிறது. அமெரிக்காவில் 3.5 மைக்ரோகிராமைத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறார்கள். தீங்கற்ற அளவு என்று ஒன்றும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று.

"சுர்மா சுன்னத்தாயிற்றே" என்று பெரியவர்கள் கேட்பார்கள்; கேட்கவும் வேண்டும். ஹதீஸ்கள் குறிப்பிடுவது இத்மித் என்னும் கல்லை. அதனை ஆண்டிமனி என்று பொருள் கொள்வோர் பலர். காரீயக் கல்லும் அதுபோலவே கருத்துப் பளபளப்பதால் அதே பெயரில் விலைபோகிறது. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருள் ஒன்றாகிவிடுமா? உட்பொருள் அச்சிடப்படாத குப்பியைச் சுன்னத்தின் பெயரால் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கைக்குழந்தையின் கண்ணுக்கு ஒன்றும் இடாதிருப்பதே மேல்.

இதுவரை இட்டவர்கள் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஐயமிருந்தால் மருத்துவரிடம் இரத்தச் சோதனை கேட்கலாம். மெக்சிகோ நகரில் கருவுற்ற பெண்களுக்கு நாள்தோறும் 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கொடுத்ததில், இரத்தத்தில் காரீயம் சராசரி 11 விழுக்காடு குறைந்தது. எனவே அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குத் தரும் கால்சியம் மாத்திரையை அலமாரியில் போட்டுவைக்காதீர்கள். எங்கள் காரிமங்கலம் பக்கத்தில் விளையும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் அதே சத்து இருக்கிறது. களி கிண்டுவதைக் கௌரவக் குறைவாக எண்ணும் வீடுகள் இப்போது பெருகிவிட்டன. கருவுற்ற மருமகளுக்காவது ஒரு வேளை கிண்டிக் கொடுங்கள்.